மார்ட்டின் லூதர் கிங் நாளில் தொண்டும் உடல்நல முகாமும்: 40 பேர் குழு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக: நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் குழு. பெரியவர்கள் 40 பேர், பிள்ளைகள் 25 பேர். ஜனவரியில் வரும் மார்ட்டின் லூதர் கிங் நாளில் ஒரு சமூகத் தொண்டும், கூடவே பிபி பரிசோதனை, ரத்த தானம், யோகா, நடைப்பயணம் என்று ஓர் உடல்நல நிகழ்ச்சியும் நடத்த ஆசை. எதைச் செய்யலாம், என்னென்ன வாங்க வேண்டும், எங்கே சிக்கல் வரும்?

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனையையும் ஒரே நாளில் போடாதீர்கள். தொண்டு ஒன்று, உடல்நல வேலை ஒன்று, அவ்வளவுதான். 40 பேரை ஐந்து மேசைக்குப் பிரித்தால் ஐந்துமே அரைகுறையாகும். மிஞ்சுவது போட்டோ மட்டும்.

நாளைப் பற்றிக் கொஞ்சம். கிங் பிறந்தது 1929 ஜனவரி 15, ஆனால் விடுமுறை ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை. எனவே தேதி 15க்கும் 21க்கும் நடுவில் மாறிக்கொண்டே இருக்கும். 2027இல் ஜனவரி 18. கிங் கொல்லப்பட்ட நான்காம் நாளே, 1968 ஏப்ரல் 8 அன்று, நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் இதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். அதிபர் ரீகன் கையெழுத்திட்டது 1983 நவம்பரில். முதல் விடுமுறை 1986 ஜனவரி 20. அதை வெறும் விடுப்பாக விடாமல் தொண்டு நாளாக்கியது 1994இல் வந்த தனிச் சட்டம். அதை முன்வைத்தவர்கள் செனட்டர் ஹாரிஸ் வாஃபோர்டும், கிங்கோடு தோளோடு தோள் நின்ற ஜான் லூயிசும். கூட்டரசு விடுமுறைகளில் தேசியத் தொண்டு நாள் என்று சட்டமே சொல்வது இது ஒன்றைத்தான்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. சங்கப் பொங்கல் விழா அநேகமாக இந்த நீண்ட வாரயிறுதியின் சனிக்கிழமையில்தான் வந்து விழும். சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு நாற்காலி மடக்கிவிட்டுப் போனவரைத் திங்கள் காலை எட்டரைக்குப் பெட்டி தூக்க வரச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். பத்து மணிக்குத் தொடங்குங்கள், பன்னிரண்டரைக்கு முடியுங்கள். விழாவையே பொருள் சேகரிக்கும் இடமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

உடல்நலத்துக்கும் கிங் நாளுக்கும் என்ன தொடர்பு என்று உங்கள் குழுவிலேயே யாராவது கேட்பார்கள். தொடர்பு இருக்கிறது, அதுவும் நேரடியாக. 1966 மார்ச் 25 அன்று சிகாகோவில், மனித உரிமைகளுக்கான மருத்துவக் குழுவின் கூட்டத்தை ஒட்டிப் பேசிய கிங், ஏற்றத்தாழ்வுகளிலேயே மிக அதிர்ச்சி தருவது உடல்நலத்தில் காட்டப்படும் அநீதிதான் என்றார். அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் ஜாக் கைகர். அவரும் டாக்டர் கவுண்ட் கிப்சனும் 1965இல் பாஸ்டனின் கொலம்பியா பாயின்டில் ஒரு சமூக மருத்துவ நிலையத்தைத் திறந்தார்கள். அடுத்து மிசிசிப்பியில் மவுண்ட் பையூ என்ற ஊரில் ஒன்று. மிசிசிப்பி நிலையத்துக்கு வந்த குழந்தைகளுக்கு முதல் நோயே பசிதான். அங்கிருந்த மருத்துவர்கள் மருந்துச்சீட்டில் பால், காய்கறி, இறைச்சி என்று எழுதிக் கொடுத்து, மளிகைக்கடைப் பணத்தை மருந்துக் கணக்கில் செலுத்தினார்கள். அரசு அதிகாரிகள் ஆட்சேபித்தபோது கைகர் சொன்ன பதிலின் சாரம், ஊட்டச்சத்துக் குறைவுக்குப் புத்தகத்தில் இருக்கும் மருந்து உணவுதானே என்பது. இன்று அமெரிக்கா முழுக்க, வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக மருத்துவ நிலையங்கள் அங்கிருந்து கிளைத்தவை. உங்கள் பிபி மேசைக்கு இந்த நிலையங்களில் ஒன்று கட்டாயம் வேண்டும். ஏன் என்று வரும்.

முதல் வேலை: கேட்பது

பொருள் வாங்குவதற்கு முன்னால் போனை எடுங்கள். உங்கள் கவுண்டியில் உள்ள ஒரு வீடற்றோர் விடுதி, ஓர் உணவு வங்கி, ஒரு சமூக மருத்துவ நிலையம் என மூன்று இடம் போதும். “என்ன உதவி செய்யட்டும்?” என்று பொதுவாகக் கேட்டால் “எது கொடுத்தாலும் நல்லதுதான்” என்று மரியாதைக்குச் சொல்வார்கள். “போன மாதம் உங்களிடம் எது முதலில் தீர்ந்தது? எது வந்து குவிந்து இடத்தை அடைக்கிறது?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் பணம் மிச்சமாகும்.

இந்த அழைப்பை அக்டோபரிலேயே செய்ய வேண்டும். கிங் நாளுக்கு உதவ எல்லாரும் வருவார்கள்; பிப்ரவரி 10ஆம் தேதிக்கு யாரும் வரமாட்டார்கள். பெரிய உணவு வங்கிகளில் அந்தத் திங்களுக்கான இடம் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும், சில இடங்கள் விடுமுறை என்று மூடியே இருக்கும். இடம் கிடைக்கவில்லையென்றால் வருந்த வேண்டாம். அன்று பைகளைக் கட்டி வைத்துவிட்டு, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் குரல் மாறுவதை நீங்களே கேட்பீர்கள்.

சுகாதாரப் பை

பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைகளில் இதுதான் சிறந்தது. 200 பை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேலன் ஜிப்லாக் பைக்குள் போக வேண்டியவை: ஒரு ஜோடி தடித்த காலுறை, பல்துலக்கி, 0.85 அவுன்ஸ் பற்பசை, ஒரு சோப்பு, சின்ன ஷாம்பு, சீப்பு, உதட்டுக்குப் பூசும் பாம், முகம் துடைக்கும் துண்டு, பாக்கெட் டிஷ்யூ. பெண்களுக்கான பையில் சானிட்டரி பேடு ஆறு அல்லது எட்டு. மொத்த விலையில் வாங்கினால் பைக்கு 7, 8 டாலர் என்று மதிப்பிட்டுக்கொள்ளுங்கள். அதில் பெரிய பங்கு காலுறைக்குப் போகும். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். நாள் முழுக்க ஈரத்தில் நிற்பவருக்கு மற்ற எட்டுப் பொருளையும்விடக் காலுறைதான் பெரிது. வெள்ளை வேண்டாம், கறுப்பு அல்லது சாம்பல் நிறம்.

போடக் கூடாதவை: சவர பிளேடு, ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவம், கண்ணாடிப் பாட்டில், முழு அளவு ஷாம்பு. முதல் இரண்டையும் பல விடுதிகள் வாசலிலேயே எடுத்துவிடும். முழு அளவு பாட்டிலை முதுகுப்பையில் சுமக்க முடியாது.

பலரும் செய்யும் தவறு ஒன்று: சோப்பு இருக்கிற பையிலேயே கிரானோலா பாரும் பிஸ்கட்டும் போடுவது. ஒரு வாரம் பெட்டியில் கிடந்தால் பிஸ்கட் உறை மூடியே இருந்தாலும் தின்னும்போது சோப்பு மணக்கும். தின்பண்டம் கொடுப்பதாக இருந்தால் தனிப் பையில் கொடுங்கள். ஷாம்புவையும் சாண்ட்விச் அளவு சின்ன ஜிப்லாக்குக்குள் போட்டு, பிறகு பெரிய பைக்குள் வையுங்கள். கேரேஜ் குளிரில் உறைந்து மூடி தளர்ந்தால் காலுறை நனையாது.

மேசை வரிசைக்கு ஒரு சூத்திரம் உண்டு. நீள மேசை இரண்டை ஒட்டிப் போட்டு, துண்டு, காலுறை போன்ற தட்டையானவற்றை முதலிலும் சின்னச் சாமான்களைக் கடைசியிலும் வையுங்கள். பிள்ளைகள் பையைப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். பொருள் போடுபவர் நகரக் கூடாது. மாற்றிச் செய்தால் இரண்டு பல்துலக்கி உள்ள பையும் ஒன்றுகூட இல்லாத பையும் வரும். வரிசைக் கடைசியில் சமையலறைத் தராசு ஒன்று வையுங்கள். சரியாகக் கட்டிய ஒரு பையின் எடையைக் குறித்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிடுங்கள். பற்பசை விடுபட்டால் ஏறக்குறைய 25 கிராம் குறையும். திறந்து பார்க்காமலே தெரிந்துவிடும். பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க இதைவிட நல்ல பொறுப்பு கிடையாது. பெட்டிக்கு 20 பை, வெளியே எண்ணிக்கையும் ஆண் பெண் வகையும். 200 பையை இந்தக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். அதனால் மூன்று மணி நேரம் என்று அறிவிக்காதீர்கள்.

பைக்குள் பிள்ளைகள் எழுதும் அட்டை வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். சாமி, மதம், “சீக்கிரம் வீடு கிடைக்கட்டும்” எல்லாம் வேண்டாம். படம் வரைந்து “குளிருக்குக் கவனம்” என்று எழுதினால் போதும். பெயர், பள்ளி, தொலைபேசி எண் எதுவும் இருக்கக் கூடாது.

உணவு சேகரிப்பு

பொங்கல் விழா வாசலில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி வைத்தால் பொருள் வரும். என்ன வர வேண்டும் என்பதை அழைப்பிதழிலேயே எழுதாவிட்டால் பாதி வீட்டில் இருந்து 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை வரும். அரிசி நல்லதுதான், ஆனால் அந்த மூட்டையைப் பிரித்துச் சின்னப் பையில் கட்டப் பல உணவு வங்கிகளுக்கு அனுமதியோ வசதியோ இராது. ஒரு குடும்பத்துக்கு முழு மூட்டை கொடுக்கவும் மாட்டார்கள். ஒன்று, இரண்டு பவுண்டு அரிசிப் பாக்கெட், உப்புக் குறைந்த பீன்ஸ் டின், சூரை மீன் டின், பிளாஸ்டிக் ஜாடியில் வேர்க்கடலை வெண்ணெய், ஓட்ஸ் இவை கேட்டு வாங்கும் பொருள்கள். ஊறுகாய்ப் பாட்டில் உடைந்தால் ஒரு பெட்டியே வீண்.

சமைத்த உணவு பற்றி: அன்னதானம் என்றால் நமக்கு சாம்பார் சாதமும் சர்க்கரைப் பொங்கலும்தான் மனதில் வரும். ஆனால் வீட்டில் சமைத்ததை விடுதிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை, உரிமம் பெற்ற சமையலறையில் இருந்து வர வேண்டும் என்பார்கள். நல்லெண்ணத்தில் உணவு கொடுப்பவரை வழக்கில் இருந்து காக்க 1996இலேயே பில் எமர்சன் பெயரில் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டி வாதாடாதீர்கள்; அது உங்களைக் காக்கும், உள்ளூர் சுகாதாரத் துறையின் விதியை நீக்காது. சமைத்தே கொடுக்க வேண்டும் என்றால் உள்ளூர் உணவகம் ஒன்றில் பணம் கட்டி, அவர்கள் கையால் அனுப்பச் செய்யுங்கள்.

மரம் நடுவதும் பூங்கா சுத்தம் செய்வதும்

மரம் நடுதல் தெற்கே உள்ள அட்லாண்டாவுக்குச் சரி. அங்கே ஜனவரிதான் நடும் பருவம். நியூ ஜெர்சியில் மண் உறைந்திருக்கும், மண்வெட்டி துள்ளும். விட்டுவிடுங்கள்.

குப்பை அகற்றுவது முடியும். ஆனால் இங்கே நினைவில் வைக்க வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. கிங் கடைசியாக மெம்பிஸ் நகருக்குப் போனது குப்பை அள்ளும் தொழிலாளர்களுக்காக. 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்கு வண்டியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்களை அந்த வண்டியின் அழுத்தும் இயந்திரமே நசுக்கிக் கொன்றது. அதன்பின் ஏறக்குறைய 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். “நான் ஒரு மனிதன்” என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தவர்கள் இவர்கள்தான். அப்படிப்பட்டவரின் பெயரால் 60 மூட்டைக் குப்பையைச் சேர்த்துப் பூங்கா வாசலில் குவித்துவிட்டு, விடுமுறை முடிந்து செவ்வாயன்று வரும் தொழிலாளி தலையில் சொல்லாமல் சுமத்துவது சரியில்லை. விடுமுறை வாரத்தில் பல ஊர்களில் குப்பை எடுக்கும் நாள் ஒருநாள் தள்ளியும் போகும். நகராட்சியின் பொதுப்பணித் துறைக்கு முன்பே எழுதி, எங்கே வைக்க வேண்டும், எத்தனை மூட்டை என்று கேளுங்கள். 33 கேலன் பையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். தூக்குபவர் இடுப்பை நினையுங்கள். ஊசி கண்ணில் பட்டால் பிள்ளைகள் கை நீட்டவே கூடாது. இடத்தைக் குறித்து நகராட்சிக்குச் சொல்லுங்கள்.

பிபி மேசை

உடல்நல வேலைகளில் இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, செலவு குறைவு. சர்க்கரையும் பார்ப்போமே என்று விரலில் குத்தப் புறப்படாதீர்கள். அமெரிக்காவில் அடுத்தவரின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து முடிவு சொல்லும் எந்த இடத்துக்கும், வீட்டுக் கருவியே என்றாலும், ஆய்வகச் சட்டத்தின் கீழ் விலக்குச் சான்றிதழ் வேண்டும். மருந்தாளுநரோ கவுண்டி சுகாதாரத் துறையோ தங்கள் சான்றிதழோடு வந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் நீரிழிவு அபாயத்தைக் கணிக்கும் கேள்வித்தாள் போதும். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். மற்றவர்களுக்கு உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 25இல் எச்சரிக்கை தொடங்கினால், ஆசிய வம்சாவளியினருக்கு 23லேயே தொடங்குகிறது.

கருவி: மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி மூன்று. மணிக்கட்டுக் கருவி வேண்டாம். அமெரிக்க மருத்துவ சங்கத்தின் ‘வேலிடேட் பிபி’ பட்டியலில் உள்ள மாடலா என்று பார்த்து வாங்குங்கள். கருவியோடு வரும் பட்டை எல்லாக் கைக்கும் பொருந்தாது. மேல்கைச் சுற்றளவு 27 முதல் 34 செ.மீ. என்றால் நடுத்தரம், 35 முதல் 44 என்றால் பெரியது, 22 முதல் 26 என்றால் சின்னது. தையல்காரர் நாடாவால் அளந்து எடுங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் எண் கூடும். இல்லாத நோயைச் சொல்லி அனுப்பியதாகிவிடும்.

அளவெடுக்கும் இடம் எப்படி இருக்கிறது என்பதில்தான் பாதித் தவறு. ஜனவரி. வருபவர் கோட்டு, ஸ்வெட்டர், உள்ளே முழுக்கைச் சட்டை என்று மூன்று அடுக்கில் இருப்பார். அவசரத்தில் கையை மேலே சுருட்டிவிடுவார். சுருட்டிய துணி கயிறு போல மேல்கையை இறுக்கும், அதற்குக் கீழே பட்டையைக் கட்டுவார்கள். எண் தப்பாக வரும். ஒரு திரைத் தடுப்பு வைத்துச் சட்டைக் கையைக் கழற்றச் செய்யுங்கள். வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டை. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும், கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். காலை மேலே போட்டால் 2 முதல் 8 வரை கூடும். கை தொங்கினாலும், பேசிக்கொண்டே இருந்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஏறக்குறைய 10 கூடும். நம்மவர்களைப் பேசாமல் உட்கார வைப்பது கடினம் என்பது எனக்கும் தெரியும். “அளக்கும்போது பேச வேண்டாம்” என்று மேசையில் எழுதியே வையுங்கள். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த (ஃபிஸ்டுலா) கை, மார்பக அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கை இரண்டையும் தவிர்க்க வேண்டும். கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

அளக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முந்தைய அரை மணியில் காபி, சிகரெட், வேக நடை கூடாது. எனவே காபிக் கலத்தை இந்த மேசைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வரிசையில் நிற்பவர் கையில் கோப்பை இருக்கும், பிறகு யார் எண்ணை நம்புவது? கூடத்தின் மறுகோடியில், பிபி பார்த்தவர்களுக்கு மட்டும் காபி என்று மாற்றினால் வரிசையும் ஒழுங்காகும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எழுதுங்கள். விளக்கிச் சொல்வதோடு ஓர் ஆளுக்கு ஏழு நிமிடம் ஆகும். ஒரு கருவிக்கு மணிக்கு எட்டுப் பேர் என்றால், மூன்று கருவியால் இரண்டரை மணி நேரத்தில் 60 பேர்தான். 200 பேருக்கு இலவசப் பரிசோதனை என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். ஓய்வு நாற்காலி ஐந்து, மாற்று பேட்டரி, பட்டை துடைக்கும் ஈரத்துணி இவையும் வேண்டும்.

எண்ணுக்குப் பொருள்: 120/80க்குக் கீழே இயல்பு. மேல் எண் 120 முதல் 129, கீழ் எண் 80க்குள் என்றால் சற்றுக் கூடுதல். 130 முதல் 139 அல்லது கீழ் எண் 80 முதல் 89 என்றால் முதல் நிலை. மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90ஐ எட்டினால் இரண்டாம் நிலை. ஒருநாள் எண்ணை வைத்து “உங்களுக்கு பிபி இருக்கிறது” என்று சொல்ல மேசையில் இருப்பவருக்கு உரிமை இல்லை. “கூடுதலாகத் தெரிகிறது, மருத்துவரைப் பாருங்கள்” என்பதோடு நிறுத்த வேண்டும். மேல் எண் 180க்கு மேல் அல்லது கீழ் எண் 120க்கு மேல் காட்டினால் அமைதியாக உட்கார வைத்து மறுபடி அளங்கள். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒருபக்கத் தளர்ச்சி ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள். அறிகுறி இல்லாமல் எண் மட்டும் அப்படியே நின்றால் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வைக்க வேண்டும். இதற்காகவே ஒரு செவிலியரோ மருத்துவரோ கூடத்தில் இருக்க வேண்டும். உங்கள் பெற்றோர் குழுவிலேயே ஒருவர் அகப்படுவார்.

அளந்து எண்ணைச் சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. 2018இல் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் கறுப்பின ஆண்கள் முடிவெட்டிக்கொள்ளும் 52 கடைகள், உயர் அழுத்தம் உள்ள 319 வாடிக்கையாளர்கள். ஒரு பகுதிக் கடைகளில் முடிதிருத்துநர் அறிவுரை சொல்லி மருத்துவரைப் பார்க்கத் தூண்டினார். மற்றவற்றுக்கு மருந்தாளுநரே வந்து மருந்து எழுதித் தந்து தொடர்ந்து கவனித்தார். ஆறு மாதத்தில் முதல் வகையில் மேல் எண் சராசரியாக 9 இறங்கியது. இரண்டாம் வகையில் 27. வித்தியாசம் அளவுகோலில் இல்லை, அளந்த பிறகு நடந்ததில் இருக்கிறது. அதனால்தான் சமூக மருத்துவ நிலையத்தைப் பிடிக்கச் சொன்னேன். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் உங்களுக்காகப் பத்து, பதினைந்து நேரத்தை ஒதுக்கித் தர முடியுமா என்று கேளுங்கள். கூடுதல் எண் உள்ளவருக்கு அங்கேயே, மேசையிலேயே, நாளும் மணியும் எழுதிய சீட்டைக் கொடுங்கள். காப்பீடு இல்லாதவரும் அங்கே போகலாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில்தான் பலர் போவதில்லை. அதே சீட்டின் பின்புறம் இரண்டு எண்: வாடகை, உணவு, மருந்து உதவிகளைத் தேடித்தர 211, மன நெருக்கடிக்கு 988.

எங்கே போடுவது என்பதும் இதே கணக்குதான். தமிழ்ப் பள்ளிக் கூடத்தில் போட்டால், காப்பீடும் குடும்ப மருத்துவரும் உள்ள நீங்களே ஒருவரை ஒருவர் அளந்துகொள்வீர்கள். உணவு வங்கியில் பொருள் வாங்க வரிசை நிற்கும் இடம், கறுப்பின மக்களின் தேவாலயம், பொது நூலகம் என்று ஆள் ஏற்கெனவே வரும் இடத்துக்கு மேசையைக் கொண்டுபோங்கள். தேவாலயங்கள் பல அன்று தாங்களே நிகழ்ச்சி வைத்திருப்பார்கள். புதிதாக ஒன்று தொடங்குவதைவிட அவர்கள் கூடத்தின் ஒரு மூலையைக் கேட்பது மேல்.

ரத்த தானமும் மற்றவையும்

ரத்த தானத்தை நீங்களே நடத்த வேண்டாம், நடக்கிற முகாமில் பெயர் கொடுங்கள். அதற்கு முன் ஒரு தடை இருக்கிறது, நம்மவர்களுக்கே உரியது. டிசம்பர் விடுமுறைக்கு இந்தியா போய் வந்தவர், மலேரியா அபாயம் உள்ள நாடு என்பதால், திரும்பிய நாளில் இருந்து மூன்று மாதம் கொடுக்க முடியாது. அமெரிக்காவில் குடியேறி மூன்று ஆண்டு நிறையாதவருக்குக் காத்திருப்பு இன்னும் நீளம். 30 பேர் பெயர் கொடுத்து, அங்கே போய் 18 பேர் திரும்பி வருவதைவிட, படிவத்திலேயே பயணத் தேதியைக் கேட்டுவிடுங்கள். எடை குறைந்தது 110 பவுண்டு. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12.5, ஆண்களுக்கு 13 வேண்டும். பெண்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கப்படுவார்கள். முந்தைய தானத்தில் இருந்து 56 நாள் ஆகியிருக்க வேண்டும்.

பிபி மேசை வேண்டாம் என்று குழு முடிவு செய்தால் அதற்குப் பதிலாக, வாய்வழி ஊதாமல் கையால் மட்டும் செய்யும் சிபிஆர் (இதயம் நின்றவரின் மார்பை அழுத்தும் முதலுதவி) பயிற்சி வையுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் குறைந்தது இரண்டு அங்குலம். முதல் முறை செய்பவர் எல்லாரும் மெல்ல அழுத்துவார்கள், முழங்கையை மடிப்பார்கள். ஐந்து பேருக்கு ஒரு பொம்மை இருந்தால்தான் ஆளுக்கு இரண்டு நிமிடமாவது கை வலிக்கச் செய்ய முடியும். பொம்மையைத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் பெரும்பாலும் ஆளோடு அனுப்புவார்கள்.

நடைப்பயணம் டெக்சாஸில் நடக்கும். சான் அன்டோனியோவின் கிங் ஊர்வலம் ஏறக்குறைய 2.75 மைல், நாட்டிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. நியூ ஜெர்சியில் பனிக்கட்டிமேல் தாத்தா பாட்டியை நடக்க விடாதீர்கள். நாற்காலி யோகா அரை மணி நேரம், பை கட்டும் வேலைக்கு முன் வைத்தால் போதும்.

பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் கிங் பற்றிச் சொல்லும்போது ‘எனக்கொரு கனவு உண்டு’ என்ற அவர் பேச்சோடு நிறுத்திவிடுவது வழக்கம். மேலே சொன்ன மெம்பிஸ் கதையைச் சொல்லுங்கள். இதையும் சொல்லுங்கள்: 1959இல் கிங் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு தலைமையாசிரியர், தலித் மாணவர்களிடம் அவரை அமெரிக்காவில் இருந்து வந்த நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். முதலில் சுருக்கென்றதாகவும், பிறகு ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று உணர்ந்ததாகவும் கிங் 1965இல் தன் தேவாலயத்தில் சொன்னார். இதைச் சொன்னால் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி நம் வீட்டுக்குள்ளேயே வரும். வரட்டும்.

காகித வேலை

பள்ளிக் கூடத்தை வாடகைக்கு எடுத்தால் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள், பெரும்பாலும் பத்து லட்சம் டாலருக்கு. விடுமுறை நாள் என்பதால் காவலாளிக்குக் கூடுதல் சம்பளமும் சேரும். உணவு வங்கிக் கிடங்கில் வேலை என்றால் பிள்ளைகளின் வயது வரம்பை முன்பே கேளுங்கள். இடத்துக்கு இடம் மாறும். விடுதியில் தங்கியிருப்பவர் முகம் எந்தப் படத்திலும் வரக் கூடாது. குடும்ப வன்முறைக்குத் தப்பி வந்தவர்களுக்கான விடுதி என்றால் முகவரியைக்கூட வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பையை அவர்கள் சொல்லும் வேறு இடத்தில் ஒப்படையுங்கள்.

பிபி மேசையில் சம்மதித்தவர்களின் பெயர், தொலைபேசி எண், பிபி அளவு ஆகிய மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதி, அது ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து அவர் ஒரு மாலை உட்கார்ந்து ஒவ்வொருவரையும் அழைக்க வேண்டும்: நிலையத்துக்குப் போனீர்களா, வண்டி இல்லையா, வேறு நாள் வேண்டுமா? பத்துப் பதினைந்து அழைப்புதான். முடிந்ததும் தாளைக் கிழித்துவிடலாம். கருவிகளை எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்; அடுத்த ஜனவரியில் திறந்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும்.